தெருவுக்கு எத்தனை காவலர்?

ஒரு வீட்டு வாசலில் காவலர் நின்றால், அங்கே ஏதோ கேடு நேர்ந்துவிட்டது என்று அண்டை அயலார் எண்ணுவது வழக்கம். கேடு நேருமுன்பே தெருவில் நடந்துவந்து, பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் காவலர் ஒருவர் இருந்தால் எப்படியிருக்கும்? இங்கிலாந்து இதனை முயன்று பார்த்தது.

2003 முதல் 2005 வரை அந்நாட்டில் 16 பகுதிகளில் ஒரு சோதனை நடைபெற்றது. தெரிந்த முகமுள்ள காவலர்கள் நடந்தே வலம் வந்தனர். மக்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன தொல்லைகளை முதலில் கவனித்தனர். மக்களின் அச்சம் குறைந்தது. காவல் துறைமீது நம்பிக்கை வளர்ந்தது. லண்டன் மாநகரம் 2004இல் வார்டுதோறும் ஒரு குழுவை அமைக்கத் தொடங்கியது. ஒரு சார்ஜெண்ட், இரண்டு காவலர், மூன்று சமூகத் துணைக் காவலர் என ஆறு பேர். இத்துணைக் காவலர்கள் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானவர்கள். காவலருக்குரிய கைது அதிகாரம் இவர்களுக்கு இல்லை. கைது செய்ய இயலாதவரிடம் மனிதர் வாய்திறப்பது எளிதுதானே!

ஆறு பேர் மிகுதியென்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். வாரத்திற்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி உழைத்தால், ஓரிடத்தில் இரவு பகலாக ஒருவரை நிறுத்தவே நான்கு பேருக்கு மேல் வேண்டும். விடுப்பு, நோய், பயிற்சி, நீதிமன்ற நாள்கள் ஆகியவற்றையும் சேர்த்தால் ஐவர். ஆகவே அறுவர் கொண்ட குழுவாலும் எந்நேரமும் இருவரைத் தெருவில் நிறுத்த முடியாது.

2010க்குப் பின் அரசின் செலவுகள் வெட்டப்பட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 16,900ஆக இருந்த துணைக் காவலர் எண்ணிக்கை 2019இல் 9,500 அளவுக்குச் சரிந்தது. லண்டனில் 2013இல் வார்டுக்கென ஒதுக்கப்பட்டவர் ஒரு காவலரும் ஒரு துணைக் காவலரும் மட்டுமே. 2017இல் இன்னுமொரு காவலர் சேர்க்கப்பட்டார். அவர்களும் எப்போதும் வார்டிலேயே இருப்பதில்லை. பெரிய ஊர்வலம், பந்தயம், வேறிடத்தில் ஆள் குறைவு என்றால் முதலில் அழைக்கப்படுபவர் இவர்களே. பட்டியலில் பெயர் இருக்கும். தெருவில் ஆள் இரார்.

இதனால் இழக்கப்படுவது யாது? ஒரு கொடுமையைச் சொன்னால் விளங்கும். தனித்து வாழும் முதியவர், உளநலம் குன்றியவர், குடிக்கு அடிமையானவர் ஆகியோரின் வீட்டிற்குள் போதைப்பொருள் கும்பல் நண்பர்போல் நுழைகிறது. பின்னர் அவ்வீட்டையே தன் கிடங்காக்கிக் கொள்கிறது. பிறர் கூட்டில் முட்டையிடும் குயிலின் பெயராலேயே ஆங்கிலேயர் இக்குற்றத்தை அழைக்கின்றனர். வீட்டுக்குரியவர் அஞ்சி நடுங்குவார். காவல் நிலையத்திற்குத் தொலைபேச மாட்டார். அழைப்பு வந்தால் மட்டுமே பாயும் வண்டியால் இவருக்குப் பயனேது? சென்ற மாதம் திறந்திருந்த திரைச்சீலை இப்போது நாளெல்லாம் மூடியிருப்பதையும், அறியாத இளைஞர் படியேறுவதையும் காண்பதற்கு, அந்தக் கதவை முன்பே அறிந்த ஒருவர் வேண்டும். அவ்வறிமுகம் பல மாதப் பழக்கத்தில் விளைவது. ஆளை அடிக்கடி மாற்றினால் அது விளையாது.

2019இல் 20,000 காவலரைப் புதிதாகச் சேர்ப்பதாக அரசு அறிவித்து, 2023க்குள் சேர்த்தும்விட்டது. ஆனால் மொத்தத் தொகை உயர்வதாலேயே வார்டுக் குழு நிரம்பிவிடாது; புதியவர்களை வேறு பணிகளும் கேட்கின்றன. 2025 ஏப்ரலில் இன்னொரு வாக்குறுதி வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திற்கும் பெயர் அறிந்து தொடர்புகொள்ளத்தக்க காவலர் ஒருவர். 2029க்குள் வட்டாரப் பணிக்குக் கூடுதலாக 13,000 பேர். இத்தொகையில் முழுநேரக் காவலரோடு துணைக் காவலரும் ஊதியமில்லாத் தொண்டுக் காவலரும் அடங்குவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

லண்டன் வார்டுகளில் குடியிருப்போர் குழுக்கள் உள்ளன. எந்தத் தொல்லையை முதலில் கவனிக்க வேண்டுமென்று அவை காவலரிடம் சொல்லலாம். எத்தனை பேர் நியமிக்கப்பட்டனர் என்பதை விட்டு, அவர்கள் சென்ற மாதம் எத்தனை நாள் நம் தெருக்களில் இருந்தனர் என்று அங்கே கேட்பதே பயனுள்ள கேள்வி.