பெண் தாய்வீட்டுக்கு வந்தால் பதிவும் கூட வரணும்

கிள்ளியூர் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணை ஏழாம் மாசம் தோவாளைக்கு, அம்மை வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள். வளையல், பலகாரம், புதுச்சேலை எல்லாம் கூட வருகிறது. அங்கன்வாடிப் பதிவு மட்டும் புருஷன் ஊரிலேயே கிடக்கிறது. அந்த ஊர் டீச்சர், “ஆளே இங்க இல்லையே, யாருக்குக் குடுக்க?” என்கிறார். இந்த ஊர் டீச்சரோ, “உங்க பேரு இங்க இல்லையேம்மா” என்று அனுப்பிவிடுகிறார். வயிற்றுப்பிள்ளையோடு கடைசி மூன்று மாசம், பெற்றபின் ஐந்தாறு மாசம் என்று சத்துமாவு மிக அவசியமான காலம் முழுக்க ஒரு பொட்டலமும் கைக்கு வராமல் போய்விடுகிறது. நம் மாவட்டத்தில் இது ஓயாமல் நடக்கிறது. யாரும் கேட்பதுமில்லை. “தர்மத்துக்குக் குடுக்கிறதுதானே, கிடைச்சா கிடைக்கட்டும்” என்று விட்டுவிடுகிறோம்.

தர்மத்துக்குக் கொடுப்பதல்ல அது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013, பிரிவு 4: கர்ப்ப காலம் முழுவதும், பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரையும் தாய்க்கு அங்கன்வாடி வழியே இலவச உணவு. பிரிவு 5: ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை குழந்தைக்கு அதே உரிமை. தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது.

“உங்க ரேஷன் கார்டுக்கு இது கிடையாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கன்வாடி உணவுக்கு வறுமைக்கோட்டை அளவுகோலாக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரிலேயே உத்தரவிட்டுவிட்டது. ரப்பர் எஸ்டேட்டுக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்துப் பெண்களுக்கும் உண்டு. மூன்றாவது பிள்ளை என்றாலும் உண்டு. முதல் இரண்டு பிரசவம் என்ற கணக்கெல்லாம் பண உதவிக்குத்தான்.

சரி, பதிவை எப்படி மாற்றுவது? அங்கன்வாடிக் கணக்கு இப்போது ‘போஷன் டிராக்கர்’ என்ற செல்போன் செயலியில் இருக்கிறது. ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்குப் பெயரை மாற்ற அதில் வழி உண்டு. “முடியாது” என்று சொல்கிறவருக்கு ஒன்று தெரியவில்லை, இல்லையென்றால் மனசில்லை. தாய்வீட்டுக்குக் கிளம்பும் முன்பே புருஷன் ஊர் டீச்சரிடம் சொல்லுங்கள். போய்ச் சேரும் ஊரின் அங்கன்வாடி மையப் பெயரையும் சொல்லுங்கள். கையில் மூன்று இருக்க வேண்டும்: தாயின் ஆதார், தாய் சேய் நல அட்டை, பிக்மி எண். இந்தப் பன்னிரண்டு இலக்க எண்ணை அட்டையின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். கர்ப்பம் உறுதியானதும், பன்னிரண்டு வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தால் கிடைப்பது இது. பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் இதைத்தான் கேட்பார்கள். குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லை என்று உணவை நிறுத்த முடியாது. தாயின் ஆதார் போதும் என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது.

2025 ஜூலை முதல் சத்துமாவு வாங்க முகத்தையும் காட்ட வேண்டியிருக்கிறது. ஆதாரோடு இணைந்த போன் நம்பருக்கு ஓடிபி வரும். நம் ஊரில் அந்த நம்பர் பாதிப்பேருக்குக் கணவன் கையில் இருக்கும். கணவன் துபாயில் இருப்பார், இல்லையென்றால் ஆழ்கடலில் படகில் இருப்பார். ஓடிபி அங்கே போய் என்ன பிரயோசனம்? ஆதார் சேவை மையத்தில் பெண் தன் சொந்த நம்பரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் நடமாட முடிகிற மாசத்திலேயே.

இன்னொன்று. பொட்டலம் கைக்கு வந்தபிறகுதான் முகத்தைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுங்கள். “ஸ்டாக் அடுத்த வாரம் வரும், இப்ப போட்டோ எடுத்துக்கலாம்” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முகம் பதிந்துவிட்டால் கணக்கில் நீங்கள் வாங்கியாகிவிட்டது. பிறகு எந்த மனுவும் எடுபடாது.

வாங்கிய மாவை என்ன செய்கிறோம் என்பதையும் பேசத்தான் வேண்டும். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம் சேர்ந்த மாவு அது. ருசி இல்லை என்று கோழிக்குப் போடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதே வீட்டில் டப்பாவில் விற்கும் பவுடரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தேங்காய்த்துருவல் போட்டுப் புட்டாக அவித்துப் பாருங்கள், பிள்ளைகள் தின்னும். பொட்டலத்தில் தயாரித்த தேதியைப் பாருங்கள். வண்டு விழுந்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

பண உதவி தனி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கம், 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம், ஆக மொத்தம் 18,000. வருமானம் குறைந்த குடும்பம், 19 வயது நிறைவு என்ற நிபந்தனைகள் உண்டு. இதில் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குத்தான் காரணம். கணக்கு தாயின் பெயரில் இருக்க வேண்டும். கணவனோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் கணவன் பெயர் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஆதார் எந்த வங்கியோடு கடைசியாக இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். எப்போதோ திறந்து மறந்துபோன கணக்காகவும் அது இருக்கலாம். வங்கியில் போய் ஆதார் இணைப்பைக் கேட்டு உறுதி செய்யுங்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்க்க நினைப்பவர்கள், தவணைக்கு அது தடையாகுமா என்று செவிலியரிடம் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். சத்துமாவுக்கு அந்தத் தடை எதுவும் கிடையாது.

பிள்ளை மெலிந்திருக்கிறதா? ஆறு மாதத்துக்கு மேல் என்றால் அங்கன்வாடியில் மேல்கையை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நாடா சிவப்பில் நிற்கும், அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. “அப்பன் ஒல்லி, அதான் பிள்ளையும் ஒல்லி” என்று பேசிக்கொண்டிருக்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகவே 2022 மே மாதம் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் தொடங்கப்பட்டது. எடை போடாமல் பழைய எடையையே எழுதிவைக்கும் மையங்களும் உண்டு. தராசில் பிள்ளையை நீங்களே ஏற்றுங்கள், எண்ணை நீங்களே படியுங்கள்.

கேட்டும் கிடைக்கவில்லை என்றால் வாசலில் நின்று சண்டை போட்டுப் பலனில்லை. அந்த டீச்சரிடம் ஸ்டாக் இல்லாமலே இருக்கலாம். எழுதிக் கொடுங்கள். உங்கள் ஒன்றியத்தின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒரு மனு. மையத்தின் பெயர், பிக்மி எண், எந்தெந்த மாதம் கிடைக்கவில்லை, யார் என்ன காரணம் சொன்னார் என்பது போதும். ‘பிரிவு 4-இன்படி’ என்ற சொல்லை மறக்காமல் எழுதுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம்.

பதில் இல்லையா? திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த நகலை இணைத்து இரண்டாம் மனு. அதை ‘மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலர், உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 15’ என்று முகவரியிட்டு எழுதுங்கள். அதற்கும் மேலே சென்னையில் மாநில உணவு ஆணையம் இருக்கிறது. முதல்வரின் உதவி மையம் 1100-இல் புகார் சொன்னால் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்புகள் போன்ற இடங்களில் மையமே எட்டாத தூரத்தில் இருக்கலாம். ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் உள்ள குடியிருப்பில் மையம் இல்லையென்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும் என்பது 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. ஊர்க்காரர்கள் கையெழுத்திட்ட மனு ஒன்று போதும்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். உங்கள் மையத்துக்கு அந்த மாதம் எத்தனை பொட்டலம் வந்தது, யார் யாருக்கு எத்தனை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.