ஒரு நாள் பனிச்சறுக்குக்கு 28,000 ரூபாயா? அமெரிக்கக் குடும்பங்களை மிரளவைக்கும் லிஃப்ட் டிக்கெட்!

1962 டிசம்பரில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வெய்ல் என்ற பனிச்சறுக்கு மலை திறக்கப்பட்டது. அன்றைக்கு ஒரு நாள் டிக்கெட்டின் விலை 5 டாலர். அதே மலையில் 2024-25 சீசனின் நெரிசலான நாள்களில் கவுன்ட்டர் விலை 329 டாலர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 28,000 ரூபாய். அதுவும் ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு நாளைக்கு!

'விலைவாசி ஏறத்தானே செய்யும்' என்று தோன்றலாம். ஆனால், 1962-ன் 5 டாலரை இன்றைய விலைவாசிக்கு மாற்றினாலும் 50 டாலரைக் கொஞ்சம்தான் தாண்டும். மீதி எங்கிருந்து வந்தது?

முதலில் இந்த டிக்கெட் எதற்கு என்று பார்த்துவிடலாம். பனிமலையில் சறுக்கி இறங்குவது சில நிமிட வேலை. மறுபடி மேலே போவதுதான் சிரமம். பழனியில் ரோப் கார் போவதுபோல, கம்பியில் தொங்கும் நாற்காலிகள் ஆட்களை உச்சிக்குக் கொண்டுபோய் விடுகின்றன. 1936-ல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில்தான் உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் வந்தது. கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிக் கம்பியைப் பார்த்து, ரயில்வே இன்ஜினீயர் ஜேம்ஸ் கரன் உருவாக்கியது அது. வாழைத்தாருக்குப் பதில் மனிதர்கள், அவ்வளவுதான்!

இன்று ஒரு நவீன லிஃப்ட் அமைக்கவே பல மில்லியன் டாலர் ஆகும். பனி போதாத நாள்களில் செயற்கைப் பனி தூவ வேண்டும். அதற்குத் தண்ணீர், மின்சாரம், ஆட்கள் என்று தனிச் செலவு. இவையெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால், கவுன்ட்டர் விலை இப்படி எகிறியதற்குப் பின்னால் வேறொரு கதை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது விலைக் குறைப்பில் தொடங்கிய கதை.

199 டாலரில் ஆரம்பித்த புரட்சி

ஐடஹோவில் போகஸ் பேசின் என்று ஒரு மலை. லாபநோக்கமில்லாத அமைப்பு நடத்துவது. சீசன் முழுக்கச் சறுக்குவதற்கான பாஸ் அங்கே சுமார் 500 டாலராக இருந்தது. 1998-ல் அதைத் திடீரென 199 டாலராகக் குறைத்தார்கள். ஜனங்கள் குவிந்துவிட்டார்கள்! அதே ஆண்டு கொலராடோவின் வின்டர் பார்க், நான்கு பேருக்குச் சேர்த்து 800 டாலரில் பாஸ் விற்றது. பக்கத்து மலைகளும் வேறு வழியில்லாமல் விலையைக் குறைத்தன.

இதைப் பெரிய அளவில் கொண்டுபோனது வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம். 2008-ல் 579 டாலருக்கு 'எபிக் பாஸ்' வந்தது. ஒரு பாஸ், பல மலைகள், சீசன் முழுக்க எத்தனை நாள் வேண்டுமானாலும்! 2018-ல் போட்டிக்கு அல்டெரா நிறுவனத்தின் 'ஐகான் பாஸ்' வந்தது. அமெரிக்காவின் பெரிய மலைகள் பலவும் இன்று இந்த இரண்டில் ஒன்றில் அடக்கம்.

நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம்? பனி எப்போது பெய்யும், எவ்வளவு பெய்யும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், பனிக்காலத்துக்கு முன்பே பாஸை விற்றுவிட்டால் பணம் கைக்கு வந்துவிடும். அதன்பிறகு பனி பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன? வெய்ல் ரிசார்ட்ஸ் மலைகளுக்கு வருகிறவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் இப்படி முன்கூட்டியே பணம் கட்டியவர்கள்தான்.

மக்கள் பாஸ் வாங்க வேண்டுமென்றால், ஒரு நாள் டிக்கெட் விலை கண்ணைக் கட்ட வேண்டும். 2025-26 சீசனுக்கான எபிக் பாஸ் 1,051 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 329 டாலர் கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர், நான்காவது நாளே பாஸ் விலையைத் தாண்டிவிடுவார். 'நான்கு நாள் சறுக்குவதற்குப் பதில் பாஸே வாங்கிவிடலாமே' என்று மனம் கணக்குப் போடும். அந்த 329 ஒருவகையில் பயமுறுத்தும் விலை!

மாட்டிக்கொள்வது யார்?

வாரம் தவறாமல் சறுக்கும் உள்ளூர்க்காரருக்கு இது கொண்டாட்டம். இருபது நாள் சறுக்கினால் ஒரு நாளுக்கு 53 டாலர்கூட ஆகாது. கிட்டத்தட்ட 1962 விலை! வருடத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்குப் பனி காட்டக் கிளம்பும் குடும்பம்தான் மாட்டிக்கொள்கிறது.

பள்ளி விடுமுறை கிறிஸ்துமஸை ஒட்டித்தான் வரும். கூட்டமும் உச்ச விலையும் அப்போதுதான். எபிக் பாஸ் விற்பனையோ டிசம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஒரு நாள், இரண்டு நாளுக்கான மலிவு பாஸ்களுக்கும் அதே கெடுதான். கடைசி நேரத்தில் கிளம்பும் அப்பா, அம்மா இருவருக்கு மட்டுமே 658 டாலர். சிறுவர்களுக்கு விலை குறைவுதான் என்றாலும், இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தால் தொகை இன்னும் எகிறும். இதற்குமேல் பனிச்சறுக்குப் பலகை வாடகை, காலணி வாடகை, பயிற்சி வகுப்பு, தங்குமிடம், சாப்பாடு. வந்தது ஒரே நாளுக்கு; அதிலும் பாதி நேரம் குழந்தை விழுந்து எழுந்து பழகவே போய்விடும்.

பணம் கட்டியும் சறுக்க முடியாமல் போன சம்பவமும் உண்டு. 2024 டிசம்பர் கடைசியில், யூட்டாவின் பார்க் சிட்டியில் மலைப் பாதுகாப்புப் பணியாளர்கள் சுமார் 200 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மணிக்கு 21 டாலராக இருந்த ஆரம்ப ஊதியத்தை 23 ஆக்கக் கேட்டார்கள். மலையின் பெரும்பகுதியைத் திறக்க முடியாததால், விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் லிஃப்ட் வரிசையிலேயே நாளைக் கழித்தன. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்துத்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது. 329 டாலர் டிக்கெட் விற்கும் தொழிலில் 2 டாலருக்காகப் போராட்டம் என்பது பலருக்கும் உறுத்தியது.

உறுத்தும் இன்னொரு விஷயம், இந்த மலைகளில் பல, அரசு வனத்துறையின் நிலத்தில் இருக்கின்றன. வெய்ல்கூட ஒயிட் ரிவர் தேசிய வனத்துக்குள்தான் இருக்கிறது. நிறுவனங்கள் வருமானத்தில் 1.5 முதல் 4 சதவிகிதம் வரை வாடகை கட்டுகின்றன. மக்களின் நிலத்தில் மக்களே ஏற முடியாத விலை என்ற ஆதங்கம் அங்கே பழைய விஷயம்.

அதற்காகப் பனிச்சறுக்கு படுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2022-23 சீசனில் அமெரிக்க மலைகளுக்கு சுமார் 6.5 கோடி வருகைகள் பதிவாயின. அது ஒரு சாதனை. ஆனால், வருகிறவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்களா, புதிய பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களா என்பது வேறு கேள்வி.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. இத்தாலியின் டோலமைட் மலைகளில், பல பள்ளத்தாக்குகளுக்குச் சேர்த்த ஒரு நாள் பாஸே 80 யூரோவைச் சுற்றித்தான். விடுமுறைக்கு விமானம் ஏறி ஐரோப்பா போனால்கூடக் கணக்கு கட்டுப்படியாகிறது என்று சில அமெரிக்கக் குடும்பங்கள் கிளம்பிவிடுகின்றன!

போக முடியாதவர்களுக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. வெய்ல் ரிசார்ட்ஸின் மலைகளில் 4 வயது வரை இலவசம். 5 முதல் 12 வயது வரை எபிக் பாஸ் ஏறக்குறைய பாதி விலை. கொலராடோவின் கீஸ்டோனில், ரிசார்ட் மூலமே அறை எடுத்து இரண்டு இரவு தங்கினால் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சறுக்கல் இலவசம். சிறிய, தனி முதலாளிகளின் மலைகளைச் சேர்த்து 2019-ல் வந்த 'இண்டி பாஸ்', ஒவ்வொரு மலையிலும் இரண்டு நாள் தருகிறது. வெர்மான்ட்டில் மேட் ரிவர் க்ளென் என்ற மலையை 1995 முதல் சறுக்குகிறவர்களே கூட்டுறவாக நடத்துகிறார்கள்.

கவுன்ட்டர் விலை ஓவராகப் போய்விட்டது வெய்ல் ரிசார்ட்ஸுக்கும் புரிந்திருக்கிறதுபோல. பாஸ் வைத்திருப்பவர்கள் நண்பர்களை அழைத்து வந்தால் நண்பருக்குப் பாதி விலை என்று 2025-26 சீசனுக்கு அறிவித்தது. மற்றபடி, குறைந்த விலையில் பாஸ் வேண்டுமானால் மார்ச், ஏப்ரலிலேயே அடுத்த குளிர்காலத்துக்குப் பணம் கட்டிவிட வேண்டும். அப்போது சில மலைகளில் இந்த வருடத்துப் பனியே உருகி முடிந்திருக்காது.