நகரம் யாரைப் புதுப்பிக்கிறது?

(அம்பேத்கர் நினைவு நாள் உரையின் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு டிசம்பர் 6 அன்றும் பாபாசாகேப் எழுதியதையும் பேசியதையும் நினைவுகூர்வது நம் வழக்கம். இந்த முறை அவர் குடியிருந்த வீட்டிலிருந்து தொடங்குவோம். பம்பாயின் பரேல் பகுதியில், மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு ஒன்றில் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அதைக் கட்டியது பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். 1896-இல் பிளேக் பரவியதை அடுத்து, 1898-இல் நகரைச் சீர்படுத்துவதற்காக ஆங்கில அரசு அமைத்த அமைப்பு அது. நெரிசலான குடியிருப்புகளை இடித்து அகலமான சாலைகள் போட்டது. இடித்த வேகத்தில் வீடு கட்டவில்லை. வீடிழந்த ஏழைகள் பக்கத்துத் தெருக்களில் இன்னும் நெருக்கமாக ஒண்டிக்கொண்டார்கள். ஆகவே 'நகரப் புதுப்பிப்பு' என்று இன்று நாம் கேட்கும் சொல் புதியது. செயல் நூறு வருடங்களுக்கு மேல் பழையது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் நமக்கு விடுதலை இல்லை என்பதை அனுபவத்தில் அறிந்தவர் அவர். நகரத்தில் சாதி ஒழிந்துவிடாது. ஆனாலும் பேருந்தில் பக்கத்தில் உட்காரலாம், மில்லில் கூலி வாங்கலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். அந்த நம்பிக்கையில்தான் நம் பாட்டன் பாட்டிமார் பலர் சென்னைக்கு வந்து துறைமுகத்திலும் பஞ்சாலையிலும் ரயில்வே பணிமனையிலும் மாநகராட்சித் துப்புரவுப் பணியிலும் சேர்ந்தார்கள். இன்னொரு பகுதியினரோ நகரம் உருவாகும் முன்பே இங்கிருந்த சேரிகளின் மக்கள். நகரம்தான் அவர்களைத் தேடி வந்தது. இந்த இரு சாராரையும் இன்று ஒரே சொல்லால் அழைக்கிறார்கள்: ஆக்கிரமிப்பாளர்கள்.

சட்டம் சொன்னதும் நடந்ததும்

தமிழ்நாடு இதில் வெறுங்கையோடு தொடங்கவில்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971-இல் குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரில் 'மேம்பாடு' முதலில் நிற்பதைக் கவனியுங்கள். தொடக்க ஆண்டுகளில் குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே, மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. மெரினாக் கரையோரக் குடியிருப்புகள் அந்தக் காலத்தவை. 1977-க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் மனைப் பட்டாவும் அடிப்படை வசதிகளும் தரும் திட்டங்கள் வந்தன. குறைகள் இருந்தன, ஆனாலும் மக்கள் நகருக்குள் இருந்தார்கள்.

2000-க்குப் பிறகு திசை மாறியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2005-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் நிதியில் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள், செம்மஞ்சேரியில் 6,000-க்கும் மேல், பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிகளாக 20,000-க்கும் மேல். மூன்றும் நகரின் தெற்கு எல்லையில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட உழைக்கும் மக்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். எந்த ஊர்–சேரிப் பிரிவினையை விட்டு நகரத்துக்கு வந்தோமோ, அதே பிரிவினையை நகரம் கான்கிரீட்டில் திரும்பக் கட்டிக் கொடுத்தது.

இது எப்படி முடிந்தது? விடை ஒரு பட்டியலில் இருக்கிறது. 1971 சட்டப்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு முறையாக அறிவிக்க வேண்டும். அறிவித்தால்தான் மேம்பாட்டுப் பணியும் சட்டப் பாதுகாப்பும் வரும். சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதற்குப் பின் பல பத்தாண்டுகளாகப் புதிய அறிவிப்பே இல்லை. நகரம் பெருத்தது, குடிசைகள் பெருகின, பட்டியல் மட்டும் உறைந்து நின்றது. பட்டியலில் இல்லாதவர்களின் நிலத்துக்கு வருவாய்த் துறையின் பெயர் 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. மேம்பாட்டுச் சட்டம் எட்டாத இடத்துக்குப் புல்டோசர் எட்டியது.

வீடு எண்ணப்பட்டது, வாழ்வு எண்ணப்படவில்லை

குடியிருப்பு என்பது சுவரும் கூரையும் மட்டும் இல்லை. நடந்துபோகும் தொலைவில் என்னென்ன இருக்கின்றன என்பதும் சேர்ந்ததுதான். பள்ளி, பால்வாடி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து நிறுத்தம், குடிநீர், சுடுகாடு எல்லாம் சமூக சேவைகள். இவற்றுக்கு அரசே அளவுகோல் வைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஐந்தாம் வகுப்பு வரையான பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரையானது 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி. நகரத்தில் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்.

மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 15,000 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 60,000 பேர். 800 பேருக்கு ஒன்று என்று குறைந்தபட்சமாக வைத்தாலும் 75 அங்கன்வாடிகள் வேண்டும். 20,000 வீடென்றால் 100 வேண்டும். இந்தக் கணக்கைக் குடியேற்றிய பிறகு போடக் கூடாது. முதல் லாரி கிளம்பும் முன்பே போட்டிருக்க வேண்டும். நடைமுறையில் வீடு முதலில் வருகிறது, மக்கள் அடுத்து வருகிறார்கள், பள்ளியும் மருத்துவமனையும் மனுக்களுக்குப் பின்னால் வருகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் படிப்பை நிறுத்திய பிள்ளை திரும்பி வருவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது கல்வியாண்டின் நடுவில். பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள் விடியற்காலை பேருந்தில் பழைய பள்ளிக்கே ஓடினார்கள்.

வேலையும் அப்படித்தான். மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்த அக்காவுக்கு, நடந்து போய் மதியம் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட முடிந்தது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போனதும் நான்கு வீடு ஒரு வீடாகிறது, பிறகு அதுவும் போகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது பெரிய உதவிதான். ஆனால் பயணத்தில் போகும் மூன்று மணி நேரத்தை யார் திருப்பித் தருவது? இதற்கு மேல் முகவரி என்ற சுமை இருக்கிறது. கண்ணகி நகர் என்றதும் வேலை தருபவரின் முகம் மாறுவதை அங்குள்ள இளைஞர்கள் எல்லோரும் சொல்வார்கள். சேரி என்ற சொல் சுமந்த இழிவை இப்போது அஞ்சல் குறியீட்டு எண் சுமக்கிறது.

இலக்கிய அமைப்பு என்ற முறையில் நாம் அழுத்திச் சொல்ல வேண்டியது வேறொன்று. அரசு தந்த சேவைகளைத் தவிர, நாமே கட்டிக்கொண்ட சேவைகள் உண்டு. அம்பேத்கர் மன்றம், இரவுப் பாடசாலை, தகரக் கொட்டகையில் நடந்த படிப்பகம், சாவு விழுந்தால் பணம் திரட்டும் சங்கம், கானா பாடும் திண்ணை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஆயா. நம்மில் பலர் முதல் நாளிதழைப் படித்தது அப்படியொரு படிப்பகத்தில்தான். இடிப்பதற்கு முன் எடுக்கும் கணக்கெடுப்பில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது. ஒரே தெருவில் இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு பிளாக்கில், வெவ்வேறு மாடியில் பிரித்துப் போடும்போது இவை யாரும் இடிக்காமலே இடிந்துவிடுகின்றன.

நம்மிடம் கேட்கப்படும் கேள்வி

"ஆற்றங்கரையில் வெள்ளத்தில் கிடக்கவா சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி; தட்டிக்கழிக்கக் கூடாது. தாழிடக்கூடிய கதவும் வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் கிடைத்ததில் மகிழ்ந்த பெண்கள் உண்டு. அந்த மகிழ்ச்சியைச் சிறுமைப்படுத்த நமக்கு உரிமையில்லை. நம் பதில் இதுதான்: ஆபத்து காரணம் என்றால், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய, மழைக்குத் தண்ணீர் தேங்கும் செம்மஞ்சேரிக்கு ஏன் கொண்டுபோனீர்கள்? நீர்நிலை காரணம் என்றால், பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் எப்படி நின்றன? பாதுகாப்பான வீடும் நகருக்குள் இடமும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை. 1970-களில் இரண்டும் சேர்ந்தே தரப்பட்டன.

2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அதே ஆண்டில் மறுகுடியமர்வுக் கொள்கையின் வரைவு வெளியானது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிய குடியிருப்பின் சுவர்ப்பூச்சு கையோடு உதிர்ந்ததும் அந்த ஆண்டில்தான். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். பெயர் மாறியது நல்லதுதான். இடிக்கும் முறை மாறினால்தான் அதற்குப் பொருள்.

செய்ய வேண்டியவை

உங்கள் பகுதிக்கு அளவெடுக்க ஆட்கள் வரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றே நான்கு வேலைகளைத் தொடங்கலாம்.

முதலாவது, உங்கள் பகுதி 1971 சட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் எதுவானாலும் அது ஆவணம்.

இரண்டாவது, நாமே கணக்கெடுப்போம். எத்தனை குடும்பம், எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளி, யார் எங்கே வேலை. அதோடு மன்றம், படிப்பகம், சங்கம், ஆயா என்று அரசுப் படிவத்தில் இல்லாத கட்டங்களையும் நிரப்புவோம்.

மூன்றாவது, புதுப்பிப்புத் திட்டம் பேசப்பட்டால், நகருக்குள் மாற்று நிலம் தேடப்பட்டதா என்பதை முதல் கேள்வியாக்குங்கள். கல்வியாண்டின் நடுவில் யாரையும் அகற்றக் கூடாது என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் நடைபாதைவாசிகளுக்கு முழு வெற்றி கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் நம் கையில் இருக்கிறது.

நான்காவது, ஏற்கெனவே அங்கே போய்விட்டவர்களை மறக்காதீர்கள். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். அன்று அந்த முகவரியை நாடே பெருமையோடு உச்சரித்தது. வசதிகளைச் செய்து கொடுக்காத நகரம் அந்தப் பெருமையில் பங்கு கேட்கிறது. கேட்கட்டும்; பதிலுக்கு நாம் விளையாட்டுத் திடலும் நூலகமும் மருத்துவமனையும் கேட்போம்.

கிராமத்தை விட்டு வெளியேறு என்றார் பாபாசாகேப். நகரத்தை விட்டும் வெளியேறு என்று யாரும் சொல்ல நாம் அனுமதிக்கக் கூடாது. அடுத்த டிசம்பர் 6-க்கு நாம் கூடும்போது, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு கணக்கெடுப்பு நோட்டு இந்த மேசை மீது இருக்க வேண்டும். இந்த ஆண்டின் அஞ்சலி அதுவாக இருக்கட்டும்.

ஜெய் பீம்.