உங்களுக்குத் தெரியுமா? ‘லைன்’ படும் பாடு

மீஞ்சூர் ரயில் நிலையத்தில் நிற்கும் பிரயாணிக்குக் ‘கும்மிடிப்பூண்டி லைன்’ என்பது, தண்டவாளத்தையும் அதில் ஓடும் புறநகர் வண்டிகளையும் வழியிலுள்ள ஊர்களையும் ஒருசேரக் குறிக்கும். அவரே தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் ‘அசெம்பிளி லைனில்’ நின்று உழைக்கிறார். வல்லூரில் 1,500 மெகாவாட் திறனுள்ள அனல்மின் நிலையம் அருகேயே இருந்தும், இரவில் மின்சாரம் தடைப்பட்டால் ‘லைன்மேனை’த் தேடுகிறார். காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும், தினந்தோறும் 10 கோடி லிட்டர் திறன் கொண்ட ஆலையிலிருந்து சென்னைக்கு நீர் செல்வதும் ‘பைப் லைன்’ மூலமே. வாலிபர்கள் ‘லைன் விடுவது’ தனி சாஸ்திரம். அதை இங்கே விஸ்தரிப்பது உசிதமன்று.

ஆளிச்செடியின் நாரைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, முதலில் நூலையும் கயிற்றையும் சுட்டிய இந்தப் பதம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலையகத் தோட்டங்களில் நம்மவர் குடியமர்த்தப்பட்ட வரிசை அறைகளுக்கும் பெயராகி, தமிழர் நாவில் ‘லயன்’ எனத் திரிந்தது; காற்றும் வெளிச்சமும் போதாத, பெருமைப்படத்தக்க யாதொன்றுமில்லாத அவ்வறைகளில் இன்றும் பல தமிழ்க் குடும்பங்கள் வசித்து வருகின்றன.