சூப்பர் காரின் இலக்கணம்

நுழையும்முன்

நாள்தோறும் நாம் வழங்கும் சொற்கள் பல. அவற்றுள் ஒன்றன் எல்லை எது என்று கேட்டால் தயங்கி நிற்கிறோம். விளம்பரங்களிலும் இதழ்களிலும் பயிலும் 'சூப்பர் கார்' என்பதும் அத்தகைய சொல்லே. விரைந்தோடும் மகிழுந்துகளுள் எது அப்பெயருக்கு உரியது? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சி, ஒரு பொருளுக்கு இலக்கணம் வகுக்கும் முறையையும் நமக்கு உணர்த்துகிறது.

சொல் கடந்து வந்த வழி

பயணிகளின் எண்ணிக்கையையும் ஏற்றும் சுமையையும்விட, விரைவையும் ஓட்டுநரின் கட்டுப்பாட்டையும் முதன்மையாகக் கொண்டு உருவாக்கப்படும் மகிழுந்து 'ஸ்போர்ட்ஸ் கார்' எனப்படும். அவ்வகையுள் மேம்பட்டு நிற்பது சூப்பர் கார். ஆயின், எவ்வளவு மேம்பட்டால் இப்பெயர் பொருந்தும் என்பதற்கு அனைவரும் ஏற்ற அளவுகோல் எதுவும் இல்லை.

1920ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நாளிதழ் விளம்பரம் ஒன்றில் இச்சொல் இடம்பெற்றது. 1960களில் அமெரிக்கர், பெரிய எஞ்சின் பொருத்திய நடுத்தர அளவு மகிழுந்துகளை இப்பெயரால் அழைத்தனர். இன்று நாம் கொள்ளும் பொருள் நிலைபெறத் துணைநின்றது, இத்தாலியில் உருவான லம்போர்கினி மியுரா என்னும் மகிழுந்தாகும்.

மியுரா காட்டிய வழி

உழவு இயந்திரங்களைச் செய்துவந்த ஃபெருச்சியோ லம்போர்கினி, 1963இல் மகிழுந்து நிறுவனத்தைத் தொடங்கினார். அங்குப் பணியாற்றிய டல்லாரா, ஸ்டான்சானி, வாலஸ் என்னும் இளைஞர் மூவர், பணிநேரம் முடிந்தபின் புதியதொரு மகிழுந்துக்குத் திட்டம் வகுத்தனர். 1965இல் டுரின் கண்காட்சியில் அதன் வெற்றுச் சட்டகம் மட்டுமே வைக்கப்பட்டது. மார்செல்லோ காந்தினி வடிவமைத்த உடற்கூட்டுடன் முழு மகிழுந்து 1966இல் ஜெனீவாவில் வெளிவந்தது. பன்னிரண்டு உருளைகளையும் 3.9 லிட்டர் கொள்ளளவையும் உடைய அதன் எஞ்சின், 350 குதிரைத்திறன் அளித்தது.

அதன் சிறப்பு எஞ்சினின் ஆற்றலில் மட்டும் இல்லை. எஞ்சின் அமைந்த இடத்தில் இருக்கிறது. அக்காலச் சாலை மகிழுந்துகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் முன்புறத்தில் இருந்தது. மியுராவிலோ அது இருக்கைகளுக்குப் பின்னும் பின்சக்கர அச்சுக்கு முன்னுமாகக் குறுக்குவாட்டில் வைக்கப்பட்டது. இதன் பயன் யாது? நீண்ட கழியொன்றின் இரு முனைகளிலும் எடைகளைக் கட்டி, நடுவில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். பின்னர் அவ்வெடைகளை நடுப்பகுதிக்கு நகர்த்தித் திருப்புங்கள். இரண்டாவது எளிதாக இருக்கும். இயற்பியல் இதனை நிலைமத் திருப்புத்திறன் என்னும் கருத்தால் விளக்குகிறது. எடை மிகுந்த எஞ்சின் நடுவில் அமையும்போது மகிழுந்து வளைவுகளில் விரைந்து திரும்புகிறது. பந்தயக் களத்தில் முன்னரே நிலைபெற்றிருந்த இவ்வமைப்பைச் சாலைக்குக் கொணர்ந்ததில் மியுரா பெரும்பங்கு ஆற்றியது.

எண்கள் அளவுகோல் ஆகுமா?

'இத்தனை குதிரைத்திறன் இருந்தால் சூப்பர் கார்' என்று எளிதில் கூறிவிடலாமே எனத் தோன்றும். அவ்வாறு கூறிப் பார்ப்போம். 500 குதிரைத்திறனுக்கு மேற்பட்டதே சூப்பர் கார் எனின், மியுரா அவ்வெல்லைக்கு வெளியே நின்றுவிடும். 2021இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெயிட் என்னும் மின்மகிழுந்தோ 1,020 குதிரைத்திறன் உடையது. ஐவர் அமரவும் பயணப் பெட்டிகளை வைக்கவும் இடமுள்ள அக்குடும்ப மகிழுந்து, உள்ளே வந்துவிடும். உள்ளிருக்க வேண்டியது வெளியேறுகிறது. வெளியிருக்க வேண்டியது உட்புகுகிறது. எண்ணை மட்டும் நம்பிய வரையறை இரு குற்றங்களுக்கும் ஒருங்கே ஆளாகிறது.

தெரிந்து தெளிவோம்

வரையறையில் நேரும் குற்றங்களைத் தருக்க நூலார் வகைப்படுத்தியுள்ளனர். 'கபில நிறமுடையது பசு' எனின் வெள்ளைப் பசு விடுபடும், இது அவ்வியாத்தி. 'கொம்புடையது பசு' எனின் எருமையும் அடங்கும், இது அதிவியாத்தி.

விரைவுக்குக் கொடுக்கும் விலை

எண்கள் தாமே இலக்கணம் ஆகாவெனினும், அவற்றை அடைவதற்கான உழைப்பை அறிதல் வேண்டும். விரைவு கூடும்போது காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் ஆற்றல், விரைவின் மும்மடிக்கேற்ப உயர்கிறது. விரைவு இருமடங்கானால் ஆற்றல் எண்மடங்காக வேண்டும். 2005இல் வெளிவந்த புகாட்டி வேய்ரான் 1,001 குதிரைத்திறனுடன் மணிக்கு 407 கிலோமீட்டர் விரைவை எட்டியது. 2010இல் அதன் மேம்பட்ட வடிவம் 431 கிலோமீட்டரைத் தொட்டது. அதற்கு 1,200 குதிரைத்திறன் தேவைப்பட்டது. விரைவு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுவதற்கு ஆற்றல் 20 விழுக்காடு கூட வேண்டியிருந்தது.

இவ்வளவு ஆற்றல் வெளிப்படும்போது வெப்பமும் பெருகும். அதனைத் தணிக்க வேய்ரானில் பத்து ரேடியேட்டர்கள் அமைக்கப்பட்டன. விரைவைக் குறைக்கும்போது அதன் பின்புற இறக்கை நிமிர்ந்து காற்றைத் தடுத்து, தடைக்கருவிக்குத் துணைபுரிகிறது. முழு விரைவில் ஓடினால் நூறு லிட்டர் எரிபொருள் ஏறத்தாழ 12 நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

காற்று எதிர்ப்பதோடு நில்லாமல் தூக்கவும் செய்யும். உயர்விரைவில் மியுராவின் முன்பகுதி தரைப்பிடிப்பை இழந்து இலேசானது. பின்வந்த வடிவமைப்பாளர், காற்றே மகிழுந்தைத் தரையோடு அழுத்தும் வண்ணம் உடற்கூட்டையும் அடிப்பகுதியையும் அமைக்கலாயினர்.

எடையைக் குறைத்த வழி

ஆற்றலைப் பெருக்குவது ஒரு வழி. எடையைக் குறைப்பது மற்றொரு வழி. பின்னதைத் தேர்ந்தவர் மக்லாரன் எஃப்1 மகிழுந்தை வடிவமைத்த கார்டன் மர்ரே. 1992இல் அறிமுகமான இதன் சட்டகம் முழுவதும் கார்பன் இழையால் ஆனது. சாலை மகிழுந்துகளில் இதுவே முன்னோடி. ஓட்டுநர் இருக்கை நடுவில் அமைந்தது. எடை கூடும் என்பதால், திசைமாற்றும் சக்கரத்தைத் திருப்ப உதவும் கருவிகூடத் தவிர்க்கப்பட்டது. ஏறத்தாழ 1,140 கிலோகிராம் எடைக்கு 627 குதிரைத்திறன், அதாவது டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 550 குதிரைத்திறன் கிடைத்தது. 1998இல் இம்மகிழுந்து மணிக்கு 386 கிலோமீட்டர் விரைவை எட்டியது.

தெரியுமா?

மக்லாரன் எஃப்1 மகிழுந்தின் எஞ்சின் அறையில் பொன் தகடு பதிக்கப்பட்டுள்ளது. இது அழகுக்காக அன்று. வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் பொன் சிறந்தது என்பதற்காக.

வரையறை காண்போம்

இம்மூன்று மகிழுந்துகளும் ஆற்றலாலும் எடையாலும் வேறுபடுகின்றன. அவற்றுக்குள் பொதுவாய் நிற்பன இரண்டு. ஒன்று, ஓட்டத்தின் சிறப்புக்காகப் பிற வசதிகளைப் பின்னுக்குத் தள்ளிய நோக்கம். மற்றொன்று, தன் காலத்தின் எல்லையை மீறிய ஆக்கம். 'இம்மகிழுந்து வருமுன் சாலையில் இயலாதிருந்த எது, இது வந்தபின் இயல்வதாயிற்று?' என்னும் வினாவுக்குத் தெளிவான விடை தருவதே சூப்பர் கார். இவ்வளவுகோலின்படி, 1966இன் 350 குதிரைத்திறன் இன்றும் மதிப்பிழப்பதில்லை.

உயர்ந்த விலையும் குறைந்த எண்ணிக்கையும் இலக்கணம் ஆகா, அவை விளைவுகள். மக்லாரன் எஃப்1 மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்டது. கடும் உழைப்பும் அரிய பொருள்களும் தேவைப்படுவதால் விலை உயர்கிறது. விலை உயர்ந்தமையால் மட்டும் ஒரு மகிழுந்து சிறந்ததாகிவிடாது. அண்மையில் 'ஹைப்பர் கார்' என்னும் பெயரும் பரவியுள்ளது. பெயரைப் பெரிதாக்குதல் எளிது. அப்பெயருக்குரிய ஆக்கத்தைக் காட்டுதலே அரிது.

எரிபொருள் மாறினாலும் இவ்வரையறை மாறாது. குரோவேஷியாவில் உருவான ரிமாக் நெவேரா, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மின்மோட்டார்களைக் கொண்டது. ஒவ்வொரு சக்கரத்தின் திருப்புவிசையையும் தனித்தனியே நொடிப்பொழுதில் மாற்றும் திறனைச் சாலைக்குக் கொணர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு. எஞ்சினின் முழக்கம் இல்லாவிடினும், மேற்கண்ட வினாவுக்கு அதனிடம் விடை உண்டு.

கற்பவை கற்றபின்...

1. 'சூப்பர் கார்' என்பதற்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் ஒன்றை உருவாக்கி, அச்சொல்லின் பொருத்தப்பாட்டை விளக்குக.
2. 'திறன்பேசி' என்பதற்கு ஒரு வரையறை எழுதி, அதில் அவ்வியாத்தியோ அதிவியாத்தியோ நேர்ந்துள்ளதா எனக் குழுவில் கலந்துரையாடுக.