தப்பொலியும் ஓர் இசைக்குழுவும்

எல்கடுவத் தோட்டங்களிலே தப்பொலி கேளாது வளர்ந்தவர் அரியர். முன்னாளில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு; காமன் கூத்துக்கு முழங்குவது தப்பு; சாவு வீட்டில் அதிர்வதும் தப்பே. ஆயினும் எம் மாணவர் பலர் அதனைக் கையால் தொடக் கூசுகின்றனர். காரணம் உண்டு. இன்ன சாதியார்தாம் சாவுக்கு அடிக்கவேண்டும் என்ற கட்டாயம் அத்தோலோடு சேர்த்தே கட்டப்பட்டிருந்தது. அதனை மறுத்து எழுந்தவர் செய்தது முற்றிலும் சரி என்பதே எமது துணிபு. ஆனால், கருவி செய்த பிழை யாது?

இவ்வினாவுக்குச் சென்னையிலே ஓர் இசைக்குழு மேடையேறி விடை பகர்ந்தது. 2017ஆம் ஆண்டில் திரைப்பட நெறியாளர் பா. ரஞ்சித்தும் இசைஞர் தென்மாவும் அமைத்த அக்குழுவின் பெயர் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', அதாவது சாதியற்றோர் கூட்டு. அயோத்திதாச பண்டிதர் வழங்கிய 'சாதியற்ற தமிழர்' என்னும் தொடரிலிருந்து பிறந்த பெயர் அது. பண்டிதர் 1898இல் கொழும்புக்கு வந்து பௌத்தம் தழுவியவர் என்பதும் நம்மவர் அறியத்தக்கது.

2018 சனவரி 6ஆம் நாள் அக்குழுவினர் முதன்முதல் சென்னை மேடையில் தோன்றினர். சாவு வீட்டு இரவுகளில் வடசென்னையார் பாடும் கானாவும், பறையும், மின்கித்தாரும், றாப்பும் ஒருங்கே முழங்கின. அம்பேத்கரையும் இட ஒதுக்கீட்டையும் பாடினர், மாட்டிறைச்சியையும் பாடினர். இப்பாட்டு எம் போன்றோர்க்குச் சற்றுச் சங்கடமே. எனினும் முழுவதும் கேட்டோம்.

இரைச்சலையே இசையாக்கியவர் மேல்நாட்டிலும் உளர். 1981 முதல் 2011 வரை இயங்கிய நியூயோர்க் நகரத்துச் 'சோனிக் யூத்' குழுவினர் கித்தார் நரம்புகளிடையே கோல்களைச் செருகி ஒலியைச் சிதைத்தனர். அவர்கள் 1988இல் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணற்குரிய ஒலிப்பதிவுகளுள் சேர்த்துவைத்துள்ளது. அவர்கள் இரைச்சலைத் தாமே விரும்பித் தேடிச் சென்றவர்கள். சென்னைக் குழுவினரோ, பிறர் இரைச்சலென்று ஒதுக்கிய தம் வீட்டு ஒலியையே மேடைக்குக் கொணர்ந்தவர்கள். இவ்வேறுபாடு சிறிதன்று.

ஆடவர்க்கே உரியதாயிருந்த கானாவை அக்குழுவிற் பாடியவர் இசைவாணி என்னும் இளநங்கை. 2020இல் பி.பி.சி. தேர்ந்த நூறு பெண்களுள் அவரும் ஒருவர். குழுவிற் பாடிய மற்றொருவர் அறிவு. 2021இல் அவர் தீ என்னும் பாடகியுடன் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' எல்கடுவ லயங்களிலும் சிறுவர் வாயில் ஒலித்தது. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின்னர் இந்தியா திரும்பியவர். அப்பாட்டின் பின்னுள்ள கதையை எம் மாணவர் தம் பாட்டிமாரிடமே கேட்டறியலாம்.