பஜ்ஜி எண்ணெயும் மெத்தனாலும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்பவர்கள் உப்பளப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே போவார்கள். சாலையோரத்துப் பஜ்ஜிக் கடையிலும் மீன் வறுவல் கடையிலும் மாலை வியாபாரம் முடிந்தபின் சட்டியில் கிடக்கும் கருத்த எண்ணெயை யாரும் பார்ப்பதில்லை. அது மறுநாள் புது எண்ணெயோடு கலந்து மீண்டும் அடுப்பேறும், அல்லது இன்னும் சிறிய கடைக்கு மலிவு விலையில் கைமாறும். கடைசியில் ஏழையின் வயிற்றுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

2018 ஜூலை முதல், பொரிக்கப் பொரிக்கப் பெருகும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது விதி. அதே ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் 'ரூகோ' திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெயில் எஞ்சின் ஓடுவது புதுமையல்ல. 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது.

ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றினால், அதன் பிசுக்கு இன்றைய எஞ்சினின் இன்ஜெக்டரை அடைத்துவிடும். மெத்தனாலோடு வினைபுரியச் செய்தால் கிளிசரின் பிரிந்து அடியில் இறங்கும். மேலே நிற்கும் இளகிய திரவமே பயோடீசல். முதலில் எண்ணெயை வடிகட்டி, சடசடப்பு அடங்கும்வரை சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும். ஆறவிட்டு 55 டிகிரிக்கு வந்ததும், லிட்டருக்குச் சுமார் 200 மில்லி மெத்தனாலில் கரைத்த காஸ்டிக் சோடாவைச் சேர்க்கிறார்கள். புது எண்ணெய்க்கு லிட்டருக்கு 3.5 கிராம் சோடா போதும். பலமுறை பொரித்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும்; எவ்வளவு என்று அளக்காமல் சோடா போட்டால் பாத்திரம் முழுக்கச் சோப்புதான் மிஞ்சும்.

அந்த அளவைச் சொல்ல நம் வீட்டு மஞ்சளே போதும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே வினைதான். 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, மஞ்சள் சேர்த்து, லிட்டர் நீருக்கு 1 கிராம் சோடா கலந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு நிலைத்து நிற்க எத்தனை மில்லி ஆனதோ, லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் சோடா கூடுதலாகத் தேவை.

பலர் தடுமாறுவது இதற்கடுத்த கட்டத்தில். கிளிசரினை இறக்கிய பிறகும் திரவம் கலங்கியே இருக்கும். காரணம் சோப்பும் நீரும். நீர்விட்டுக் கழுவ வேண்டும், அதுவும் மென்மையாக. வேகமாகக் குலுக்கினால் மோராகத் திரண்டு பிரியாது. மரக்காணத்தில் இதில் தனித் தொல்லை உண்டு. உவர்க் கிணற்று நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகும், மழைநீரே ஏற்றது. சுத்திகரித்த உப்பைக் கரைத்து விட்டால் திரண்டது உடையும். பாத்தியில் வாரிய கல்லுப்போ தன் மெக்னீசியத்தாலேயே காரியத்தைக் கெடுக்கும்.

கழுவியதைச் சூடாக்கி ஈரம் போக்கினால், பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்துத் தெரியும் அளவுக்குத் தெளியும். டீசலைவிடப் பல மடங்கு ஈரம் உறிஞ்சும் திரவம் இது. கடற்காற்றில் திறந்து வைத்தால் மறுபடி மங்கும். தெளிந்துவிட்டதாலேயே தேறிவிட்டதாகவும் கொள்ள முடியாது. 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலைக் கலந்து பார்க்க வேண்டும். அடியில் எண்ணெய்த் துளி தங்கினால், வினை முழுமையாகவில்லை. படகு எஞ்சினில் ஊற்றும்போதும் முதலில் டீசலோடு சிறு பங்காகக் கலப்பதே நல்லது: பழைய ரப்பர் குழாய்களை இது இளக்கும், டாங்கின் அழுக்கைக் கரைத்து ஃபில்டரை அடைக்கும்.

இவ்வளவும் பழகினால் கைவரும் வேலை. இருந்தும், இதை வீட்டில் செய்யுங்கள் என்று மரக்காணத்து மக்களிடம் என்னால் சொல்ல முடியாது. 2023 மே மாதம் இதே கரையின் எக்கியார்குப்பத்தில் சாராயம் என்று நம்பிக் குடித்தவர்கள் மடிந்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்து இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். அவர்கள் குடித்தது ஆலைகளுக்கான மெத்தனால் என்றது காவல்துறை. அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனாலுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கண்ணைப் பறித்து உயிரையும் பறிக்கும் அந்தத் திரவம் ஒரு குப்பத்து வீட்டின் மூலையில் கேனில் இருப்பது, அது எரிபொருளுக்காகவே ஆனாலும், எனக்கு அச்சமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் மெத்தனாலை உரிமமின்றி வைத்திருக்கவும் முடியாது. அதற்கென 1959-இலேயே விதிகள் வந்துவிட்டன. கழுவிய நீர் எங்கே போகும் என்பதும் கேள்வி. சோப்பும் காரமும் மெத்தனாலும் கலந்த அந்த நீரை, 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த, பக்கத்துக் கழுவெளிச் சதுப்புநிலத்தில் விட முடியுமா?

ஆகவே எண்ணெய் வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் வரட்டும். மெத்தனால் உரிமம் பெற்ற தயாரிப்புக் கூடத்தைவிட்டு வெளியே வர வேண்டாம். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெயைப் பொரிக்கப் பயன்படுத்தும் நிறுவனங்கள்தான் இப்போது கணக்கு வைக்கக் கடமைப்பட்டவை. கூனிமேட்டு, மரக்காணத்துச் சிறு கடைகள் அந்த வரம்புக்குள் வராது. அவர்களைச் சேகரிப்பில் சேர்க்க ஒரே வழி, அடுத்த கடைக்காரர் தரும் விலையைவிட லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து, வாராவாரம் தவறாமல் வந்து வாங்குவது. அரசுப் பாலிடெக்னிக் ஒன்றில் கூடம் அமைத்து, மீனவர் கூட்டுறவுச் சங்கம் எரிபொருளை வாங்க முன்வந்தால், அந்த விலையை இந்தக் கரையே தாங்கும்.